கதவின் துளைகளை அடைத்தவன் எழுதுவது

தம்பி,

நானும் அம்மாவும் சுகம். காரும் சுகம். காரைப் பற்றி இப்படி ஒரு வரி எழுத எனக்குப் பதினொரு வருடம் எடுத்திருக்கிறது. போனில் சொல்லலாமே என்றுதான் அம்மா சொன்னாள். போனில் நான் இரண்டு வசனம் கதைத்தால் மூன்றாவது வசனம் சத்தமாகிவிடும் என்பது உனக்குத் தெரியும். இழுவைப் படகின் எஞ்சின் அறையில் முப்பத்திரண்டு வருடம் கத்திக் கத்திக் கதைத்த தொண்டை இது. அதனால் எழுதுகிறேன். மாரி மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. அம்மா குசினியில் சூடைமீன் பொரிக்கிறாள், மணம் இங்கே மேசை வரைக்கும் வருகிறது. தையில் உனக்குக் கல்யாணம். அதற்கு முன்னால் நீ அறிய வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது, சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு நீ கார்க் கண்ணாடியைப் பூட்டித்தான் வைத்திருந்தாய். கார் நனைந்தது என்னால்.

எந்த அன்றைக்கு என்று நீ கேட்கமாட்டாய். திரியாய் ஊரில் ஒரு கல்யாணத்துக்கு நாங்கள் புறப்பட்டு நின்ற காலை. இரவு முழுக்க மழை. உன் சின்ன மாமா, அம்மாவின் தம்பி, வேட்டி சால்வையோடு வாசல் படலையடியில் நிற்கிறார். மாமி காஞ்சிபுரப் பட்டு உடுத்தி, முன் இடப்பக்கக் கதவைத் திறந்து காலை உள்ளே வைத்தாள். "ஐயோ, கிணத்துக்குள்ள கால் வச்ச மாதிரியெல்லோ கிடக்கு!" என்று ஒரு கத்தல். சேலைக் கரை கணுக்கால் வரைக்கும் ஊத்தைத் தண்ணீர். எனக்கு வந்ததே கோபம். அந்த இருக்கை உன்னுடையது. முழங்கையை வெளியே நீட்டிக்கொண்டு காற்று வாங்குவது நீ. "எத்தனை தரம் சொல்லுறது, கண்ணாடி ஷட்டரைப் பூட்டிப்போட்டு இறங்கு எண்டு!" என்று தெரு கேட்கக் கத்தினேன். நீ, "நான் பூட்டினனான் அப்பா" என்றாய். கண்ணாடி அப்போதும் பூட்டியபடிதான் இருந்தது, எல்லாருடைய கண்ணுக்கும் முன்னால். அதற்கும் என்னிடம் மறுமொழி இருந்தது பார். "விடியக்காலமை ஓடிவந்து பூட்டியிருப்பாய்! இல்லாட்டித் தண்ணி டிக்கெட் எடுத்தோ உள்ளுக்கு வந்தது?" எல்லாரும் சிரித்தார்கள். மாமா என்னைத் தணிக்கப் பார்த்துச் சொன்னார், "விடுங்கோ மச்சான், பெடியனுக்கு இனி ஷட்டர் எண்டே பேர் வச்சுவிடுவம்." அதற்கு எல்லாரிலும் கூடச் சிரித்தவன் நான். நீ இன்னொரு தரம் "பூட்டினனான்" என்றாய். பிறகு படலையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாய், கல்யாணத்துக்கு வரவில்லை. உனக்குப் பத்தொன்பது வயது.

அடுத்த வருடம் நீ கொழும்புக்குப் படிக்கப் போனாய். அதற்குப் பிறகு இந்தக் காரில் நீ ஒரு நாளும் ஏறவில்லை. ஏறமாட்டேன் என்று நீ சொன்னதில்லை, அதுதான் கெட்டித்தனம். ஒவ்வொரு தரமும் நான் ஸ்டேஷனில் காரோடு வந்து நிற்பேன். நீ ஓட்டோவைப் பிடித்து, "உங்களுக்கு ஏனப்பா கரைச்சல், நான் இதில வாறன்" என்பாய். முன்னால் உன் ஓட்டோ, பின்னால் என் வெறும் கார். இப்படி ஊர்வலம் போவதுபோல நாங்கள் எத்தனை தரம் வீட்டுக்கு வந்திருப்போம்! இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பழைய கார் பிடிக்காது என்று நான் என் மனத்துக்குச் சொல்லி வைத்திருந்தேன். நல்ல வசதியான விளக்கம் அது.

பேர் மட்டும் நிலைத்துவிட்டது. பிறந்தநாளோ செத்த வீடோ, எங்கே கூடினாலும் மாமா வீட்டாருக்கு நீ ஷட்டர்தான். நீயும் சிரிப்பாய். வாயால் சிரிப்பாய் என்று இப்போது எழுதுகிறேன். அப்போதும் அதைக் கண்டவன்தான், காணாதமாதிரி இருந்துவிட்டேன்.

போன மாதம் கூறைச் சேலையின் நிறம் பார்க்க உன் பொம்பிளையும் தாயும் வந்தது உனக்குத் தெரியும். மாமியும் வந்திருந்தாள். "எங்கட ஷட்டர் குடுத்து வச்சவன்" என்று வாய்தவறி அல்ல, வழமைபோலவே சொன்னாள். அந்தப் பிள்ளை என் பக்கம் திரும்பி, "ஏன் மாமா அவரை ஷட்டர் எண்டு கூப்பிடுகினம்?" என்று கேட்டது. எனக்கோ புது ஆள் ஒன்று கதை கேட்கக் கிடைத்த சந்தோஷப் புளுகம். பட்டுச் சேலை, கிணறு, டிக்கெட் எல்லாவற்றையும் நடித்தே காட்டினேன். டிக்கெட்டுக்கு நன்றாகச் சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, "அவர் பூட்டேல்லை எண்டு நீங்கள் கண்டனீங்களோ மாமா?" என்றாள். ஆய்வுகூடத்தில் இரத்தம் சோதிக்கிற பிள்ளை, கண்டதை மட்டும் எழுதிப் பழகினவள். வேறொன்றும் இல்லை, குத்திக் காட்டுகிற குரலே இல்லை.

"காணேல்லைப் பிள்ளை. ஆனால் தண்ணி நிண்டதே."

"அவர் கொழும்புக்குப் போன பிறகு நிக்கேல்லையோ?"

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா உள்ளேயிருந்து சொல்லிவிட்டாள். "ஏன் நிக்காது? ஒவ்வொரு மாரிக்கும் நிக்குது. சாக்குப் போட்டு ஒத்தி எடுக்கிறது நான்தானே!"

நான் தேத்தண்ணியைக் குடித்தேன். ஆறிப்போயிருந்தது, என்றாலும் குடித்தேன்.

தம்பி, இந்த இடம்தான் எனக்கு எழுதக் கஷ்டமாக இருக்கிறது. நீ வீட்டில் இல்லாத பத்து மாரியும் கார் நனைந்தது. ரப்பர் பழசு என்றேன், காற்று அடிக்கிற திசை என்றேன். எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிப்பது என் பிழைப்பு. படகின் அடித்தட்டில் ஒரு போத்தல் தண்ணீர் கூட நின்றாலும் எனக்கு நித்திரை வராது, டோர்ச்சும் கையுமாகக் குனிந்து தேடுவேன். வீட்டுக் காரில் மட்டும் பத்து வருடம் குனிந்து பார்க்கவில்லை. பார்த்தால் நீ சொன்னது சரியென்று வந்துவிடுமோ என்ற பயம். வேறு பேர் அதற்கு வைக்க எனக்குத் தெரியவில்லை.

அடுத்த நாள் விடியவே காரை எடுத்துக்கொண்டு கிண்ணியாவுக்குப் போனேன். குறிஞ்சாக்கேணிக்குப் போகிற வழியில் கார்க் கதவு வேலை செய்கிற நானா ஒருவர் இருக்கிறார், என்னிலும் இருபது வயது குறைவு, ஆனாலும் எல்லாருக்கும் நானா, அண்ணன்தான். கண்ணாடி சுற்றுகிற கைபிடிக்குப் பின்னால் ஒரு சீலைத்துண்டைக் கொடுத்து இரண்டு இழுவை இழுத்தார், கிளிப் தெறித்தது. உள்பக்கத்து மட்டையை நெம்பிக் கழற்றினார். அதற்குப் பின்னால் ஒரு பொலித்தீன் தாள், கறுப்புப் பசையால் கதவின் தகட்டோடு ஒட்டியது. ஒட்டியிருந்தது என்று சொல்லவேண்டும். கீழ்ப்பாதி முழுக்கக் கழன்று, கிழிந்து, பாசி பிடித்துத் தொங்கியது. இப்படி ஒரு தாள் அங்கே இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். நானா கதவின் அடியில் விரலை விட்டுத் தடவினார். நின்றார். மறுபடி தடவினார்.

"ஐயா, இந்த ஓட்டையெல்லாம் ஆர் அடைச்ச?"

"முந்தி வச்சிருந்த ஆளாயிருக்கும்" என்றேன். கல்யாண வயதில் பிள்ளை வைத்திருக்கிறவன், கூசாமல் சொன்ன பொய்.

"அந்த ஆள் கப்பல்ல வேலை செஞ்ச ஆளா?"

"ஏன் கேட்கிறியள்?"

"இது கப்பலுக்குப் போடுற பசை ஐயா. எங்கட வாப்பாட படகில இருக்கு. வேலையும் கெட்டிக்கார வேலை, ஒரு பொட்டு வழியல்ல."

என் வேலையை அவர் புகழப் புகழ என் முகம் கறுத்திருக்கவேண்டும். நிமிர்ந்து என்னைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார், பிறகு தொடங்கினார் ஒரு சிரிப்பு. பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்க்கும் அளவுக்கு. "படச்சவனே! நீங்கதானா ஐயா?" ஓம், நான்தான். கார் வாங்கிய புதிதில் கழுவினேன், கதவுகளின் அடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. பார்த்தால் ஒவ்வொரு கதவிலும் மூன்று துளை. எனக்குத் தலை சுற்றியது. அடியில் துளை உள்ள ஒன்றை எந்த மடையன் விற்பான்? படகில் வேலை முடிந்து மிஞ்சிய பசையைக் குழைத்துப் பன்னிரண்டு துளையையும் அடைத்தேன். அன்றைக்கு உன்னைக் கூப்பிட்டுக் காட்டிப் பெருமைகூடப் பட்டேன். நீ அப்போது பதினாறு வயதுப் பெடியன், தலையாட்டிவிட்டுப் போய்விட்டாய்.

சேலை நனைந்த கதையையும் கேட்டுக்கொண்டு நானா பொறுமையாக விளங்கப்படுத்தினார். "கதவு தோணியில்ல ஐயா. மழை பெஞ்சா கண்ணாடி வழியா உள்ளுக்குத் தண்ணி இறங்கத்தான் செய்யும். இறங்கட்டும். இந்தத் தாள் அத உங்கட கால்மாட்டுக்கு வரவிடாது, கீழ் ஓட்டை வெளிய விட்டுரும். நீங்க போற வழிய அடைச்சிட்டீங்க. அது எங்க போற? தேங்கித் தேங்கிப் பசைய ஊறவெச்சி, தாளப் பிச்சிக்கிட்டு உங்கட வீட்டுக்காரர்ர சேலைக்கி வந்திருக்கு." மாமியின் சேலை என்று திருத்தினேன். முன் இடப்பக்கம் மட்டும் ஏன் கூட என்று கேட்டேன். "காரை எங்க நிப்பாட்டுற?" என்றார். நம் வீட்டு முன் கூரைத் தண்ணீர் விழுகிற இடத்தில், அந்தக் கதவு கூரைப் பக்கம் பார்க்க. பதினான்கு வருடமாக அதே இடம்.

அரை நாள் வேலை, விட்டுவிட்டுப் போங்கள் என்றார். நான் விடவில்லை. செய்த கையே திருத்தட்டும் என்று பிடிவாதம். கறுப்புப் பசை நான்கு சுருள் தந்தார், செய்முறையை இரண்டு தரம் சொல்லித் தந்தார். வரும் வழியில் இரும்புக் கடையில் தடித்த பொலித்தீன் வாங்கினேன். மழை விட்டிருந்த இரண்டு நாளில் நானும் அம்மாவும் முற்றத்தில் நான்கு கதவின் மட்டையையும் கழற்றினோம். பழைய பசையை மண்ணெண்ணெய் தொட்டுச் சுரண்டினோம். துளைகளில் என் கெட்டிக்கார வேலையை உளியும் சுத்தியலும் கொண்டு உடைக்க எனக்கு ஒரு முழுக் காலை போனது. முதல் துளை திறந்ததும் கால் வாளித் தண்ணீர், துருவும் பாசியுமாக, என் மடியில் விழுந்தது. "நல்லா வேணும்" என்றாள் அம்மா. சந்தோஷமாகவே சொன்னாள்.

துரு பிடித்த அடியைத் தேய்த்து, துருவுக்கு அடிக்கிற மை பூசிக் காயவிட்டோம். பழைய தாளை மேலே விரித்துப் புதுத் தாளை வெட்டியது அவள்; தைக்கிறவள் கை, கோணாது. தாளின் கீழ் விளிம்பை வெளியே விடாமல் கதவின் உள்ளுக்குச் செருகி ஒட்டவேண்டும், அப்போதுதான் வழிகிற தண்ணீர் கதவுக்குள்ளேயே விழும் என்பது நானா சொன்ன நுட்பம். நான் அதை முதல் கதவில் மறந்து வெளியே ஒட்டினேன். "இஞ்சருங்கோ, அந்த மனிசன் என்ன சொல்லிவிட்டவர்?" என்று அவள்தான் பிடித்தாள். கழற்றித் திரும்ப ஒட்டினேன். பிறகு மட்டையைப் பூட்டுவதற்கு முன்னால் ஒரு சோதனை. அவள் வெளியே நின்று ஹோஸால் கண்ணாடிக்கு அடிக்க, நான் டோர்ச்சோடு உள்ளே குந்திக்கொண்டு பார்த்தேன். தாளுக்குப் பின்னால் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது, கீழே மூன்று துளையாலும் ஒழுங்காக வெளியே விழுந்தது, என் காலடியில் ஒரு சொட்டு இல்லை. "காணுமோ?" என்று கத்தினாள். "இன்னும் அடி!" என்று கத்தினேன். தேவை இல்லை, ஆனாலும் பார்க்க ஆசையாக இருந்தது. இந்த வயதில் நாங்கள் இருவரும் சேர்ந்து இப்படி ஒரு வேலை செய்து கனகாலம். பின்னேரம் அந்தக் காரிலேயே இருந்து பணிஸும் தேத்தண்ணியும் சாப்பிட்டோம்.

நீ குடும்பம் நடத்தப் போகிறாய், தகப்பன் என்று ஏதாவது சொல்லவேண்டுமே. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான், அதுவும் பிந்தித் தெரிந்தது. படகில் தண்ணீர் புகுந்தால் முதல் கேள்வி "ஆர் திறந்து விட்டது?" என்பதுதான், அங்கே அது சரி, உயிர் போகிற விஷயம், நூற்றில் தொண்ணூறு தரம் யாரோ ஒருவர் எதையோ பூட்ட மறந்திருப்பார். அந்தக் கேள்வியை நான் வேலை உடுப்போடு கழற்றி வைக்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். காஸ் முடிந்தால் ஆர்? பால் பொங்கினால் ஆர்? உன் சைக்கிள் டயர் காற்றுப் போனால்கூட ஆர்? ஆர் என்று கேட்டுப் பழகினவனுக்கு எப்போதும் ஓர் ஆள் கிடைத்துவிடும், தம்பி. எங்கால, எந்த வழியால் என்று கேட்க அம்மாவுக்குத் தெரியும், உன் பொம்பிளைக்கும் தெரியும். நீ அந்தப் பிள்ளையோடு சண்டை பிடிக்கும் நாளும் வரும், வராது என்று நான் பொய் சொல்லமாட்டேன். அன்றைக்கு என் வாயைப் பாவிக்காதே. அவ்வளவுதான் என் புத்திமதி.

கல்யாண வீட்டுக்குக் கார் வேண்டாம், வான் ஒழுங்குபண்ணிவிட்டேன் என்று நீ போன கிழமை சொன்னாய். எனக்கு முகம் வாடியது உண்மைதான். இந்தக் கதவை ஒட்டும்போது மாப்பிள்ளைக் கார் என்று மனதில் ஒரு படம் வைத்துக்கொண்டுதான் ஒட்டினேன். இப்போது அந்த ஆசையை விட்டுவிட்டேன். கார் திருந்தியதற்கு நீ ஏறவேண்டும் என்று சட்டம் இல்லை. நீ விரும்பிய வாகனத்தில் போ, நான் அதில் ஏறி உன் பக்கத்தில் இருப்பேன். எனக்கு வேறு ஒரு பயம்தான் இருந்தது. மணவறையில் அந்தப் பிள்ளையின் ஆட்கள் எல்லாரும் இருக்க, யாராவது ஒருவர் உன்னை அந்தப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, அந்த வீட்டாரும் அதைப் பழகிவிட்டால் என்ன செய்வது? பேர் கொடுத்தது மாமா என்றாலும் கதை கொடுத்தது நான்.

அதனால் போன ஞாயிறு மாமா வீட்டார் கல்யாண வேலை கதைக்க வந்தபோது, சாப்பாட்டுக்கு முதல், எல்லாரும் இருக்கும்போது எழும்பி நின்று சொன்னேன். பெடியன் அன்றைக்குப் பூட்டினவன். துளையை அடைத்தது நான். கிண்ணியாவில் பொய்யும் சொன்னேன். இனி அவனை அந்தப் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. மாமி கண்ணைத் துடைத்தாள், "பாவம் பிள்ளை" என்றாள். மாமாவுக்கு மட்டும் வாய் சும்மா இருக்குமா? "அப்ப இனி மச்சானுக்குத்தான் பேர். தக்கை!" என்றார். வீடே சிரித்தது. நானும் சிரித்தேன், எனக்கு அது வேண்டும்தானே. அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டேன், நன்றாக நித்திரையும் கொண்டேன்.

திங்கள் மாமாவின் மகன் போனில் "தக்கை மாமா" என்றான். செவ்வாய் கடையடியில் ஒருவர் இந்தப் பேரைப் பற்றிக் கேட்டார், எப்படித்தான் அங்கே போனதோ. நேற்று மீன்காரன் சைக்கிளை நிற்பாட்டி, "தக்கை ஐயா, நல்ல பாரை கிடக்கு" என்றான். சும்மா பகிடிதான், ஒருவரிடமும் வன்மம் இல்லை. நான் சிரித்துக்கொண்டே மீனை வாங்கி, உள்ளே வந்து, கதிரையில் இருந்தேன். அம்மா என்னவென்று கேட்டாள், ஒன்றுமில்லை என்றேன். இன்றைக்கும் ஒரு தரம் அந்தப் பேர் காதில் விழுந்துவிட்டது. இதோடு நாலு நாள் தம்பி, நாலே நாள்.

நீ பதினொரு வருடம் சிரித்தாய்.

அப்பா